நடுவில் உட்கார்ந்து சீட்டுப் போட்டவள்

போக்கர் ஆட்டத்தை நான் பொழுதுபோக்குக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஒருத்தர் ரத்தத்தை ஒருத்தர் பார்க்காமல் எழுந்திருக்க வேண்டும். அதற்காகக் கற்றுக்கொண்டேன். செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். சீட்டுக்கட்டைத் தொட்டிருந்தால் என் அப்பா விரலை உடைத்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் என் விரல்கள் பிழைத்தன.

முதல் சண்டையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் மகளுக்கு மதுராந்தகத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? தம்பி சீர்த்தட்டோடு கருங்குழியிலிருந்து வந்தான். அவளை மடியில் வைத்துக்கொண்டான். அவள் வீறிட்டு அழுதபோது இவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பந்தி முடிந்து, வெற்றிலை போட்ட வாயோடு ஆம்பிளைகள் மூணு சீட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

மூணு சீட்டில் ‘பிளைண்ட்’ ஆடுகிறவன் தன் சீட்டைப் பார்க்கக் கூடாது. பார்க்காததற்குச் சலுகையாக மற்றவர்கள் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். தம்பி ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு பிளைண்ட் ஆடுகிறான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தம்பி இல்லை என்றான்.

“திருட்டுக் குடும்பண்டா உங்க குடும்பம். பொண்ணு குடுக்கும்போதே தெரியும்.”

“மாமா, என்னைச் சொல்லு. குடும்பத்த இழுக்காத.”

அடுத்த நிமிஷம் பித்தளைச் சொம்பு தம்பியின் வாயில் இறங்கியது. முன்பல் ரெண்டு போயிற்று. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினான், அழத்தான் ஓடுகிறான் என்று நினைத்தேன். தேங்காய் உடைக்கிற அரிவாளோடு திரும்பி வந்தான். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கித் தடுத்ததால் கழுத்து தப்பியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிளந்துகொண்டது. சீர்த்தட்டில் இருந்த ஆப்பிள் மேலும் வளையல் மேலும் ரத்தம். நடுவில் விழுந்து தடுத்த என் பட்டுப்புடவையில் ரெண்டு பேர் ரத்தமும் கலந்து போயிற்று. சலவைக் கடைக்காரர், “இது போவாதும்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரே சட்டம். “அந்த வூட்டுப் படிய மிதிச்சீன்னா இந்த வூட்டுப் படி ஏறாத.” இவர் சொன்னால் சொன்னதுதான். நெல் மூட்டை ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறவர், கை மூட்டை தூக்கிப் பழகிய கை. தட்டு பறக்கும், செல்போன் பறக்கும், சில நாள் அது என் முதுகிலும் இறங்கும். நானும் வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிற ஜாதி இல்லை. வாயால் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் அம்மா வீட்டு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போயிற்று. மகள் இருக்கிறாள், போக்கிடம் இல்லை. மூணு பொங்கல் அப்படியே போயிற்று.

அம்மா போனில் அழுவாள். “நான் செத்தாக்கூட நீ தெருவுல நின்னு பாத்துட்டுப் போவியாடி?” என்று ஒருநாள் கேட்டாள். அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் திட்டினேன்.

கடைசியில் சொந்தக்காரர்கள் பேசிப் பேசி இவரைக் கரைத்தார்கள். காணும் பொங்கலுக்கு எல்லாரும் கடற்கரையில் சந்திப்பது என்று முடிவாயிற்று. மகாபலிபுரம் வேண்டாம், அன்றைக்கு அங்கே மணலைவிட மனுஷ ஜனம் அதிகமாக இருக்கும், சதுரங்கப்பட்டினம் போகலாம். இவர் நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார். “அன்னிக்கு ஒழுங்கா போச்சுன்னா, சாயந்தரம் அப்டியே கருங்குழி வூட்டுக்குப் போலாம். ஏடாகூடமா எதனா ஆச்சு, உங்க அம்மாவ சாவுக்குக்கூடப் பாக்க முடியாது, பாத்துக்க.”

அப்போதுதான் தம்பி பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், என்னைவிடப் பத்து வயசு சின்னவள், மூளை மட்டும் இரட்டிப்பு.

“அண்ணி, காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ரெண்டு பேரும் இன்னா பண்ணிகினு இருப்பாங்க? பேச்சு கிடையாது. குடிப்பாங்க. இல்லைன்னா சீட்டு போடுவாங்க. மூணு சீட்டு எடுத்தா அன்னிக்கே பால்தான்.”

“சீட்டே வேணாம்னு சொல்லிடலாம்.”

“அது நடக்காது அண்ணி. வேற ஆட்டம் குடுக்கலாம். போக்கர். ரெண்டு பேருக்கும் தெரியாது, பழைய கோவமும் அதுல கிடையாது. நீங்க நடுவுல உக்காந்து சீட்டு போடுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க.”

நான் சொன்னால் ரெண்டு பேரும் கேட்பார்களாம். பாவம், புதுசாகக் குடும்பத்துக்கு வந்தவள்.

சனிக்கிழமைகளில் அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து படித்தோம். அவள் கைப்பையிலிருந்து கட்டை எடுத்துக் கலைக்கிறபோது நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் ரெண்டு பெண்பிள்ளைகளையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தர் நின்றே பார்த்தார். “இன்னா சார், உங்களுக்கும் ஒரு கை போடவா?” என்று கேட்டேன். போய்விட்டார்.

ஆட்டம் கஷ்டமில்லை. ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவிழ்த்து. அது அவனவன் ரகசியம். நடுவில் அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொதுவாக நிமிர்த்தி வைக்க வேண்டும். முதலில் மூணு, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் இருக்கிற ரெண்டு, நடுவில் இருக்கிற அஞ்சு, இந்த ஏழில் நல்ல அஞ்சை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை நடுவில் சீட்டு விழும்போதும் பந்தயம் ஏற்றலாம், அடுத்தவன் ஏற்றினதற்கு ஈடாகக் கட்டி நிற்கலாம், பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து இறங்கிவிடலாம்.

“கையில ஒண்ணுமே இல்லைன்னாலும் இருக்கற மாதிரி ஏத்தணும் அண்ணி. எதிராளி பயந்து எறங்கிடுவான். அதான் இதுல முக்கியம்.”

“அது எங்க வூட்டுல தினம் நடக்குது.”

“நான் சீட்டையே பாக்க மாட்டேன், ஆளத்தான் பாப்பேன். நல்ல சீட்டு வந்தவனுக்குக் கழுத்து நரம்பு துடிக்கும்.”

கழுத்து நரம்பு எனக்குப் புதுசில்லை. தட்டு பறக்கப் போகிறதா இல்லையா என்று இத்தனை வருஷமாக அதைப் பார்த்துத்தான் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாடத்தில் நான் அவளுக்கு டீச்சராக இருந்திருக்கலாம்.

ஒரே ஓர் இடத்தில்தான் எனக்கு ஒத்துப்போகவில்லை. மூணு சீட்டில் வரிசையாக வருவது, அதாவது சீக்வென்ஸ், பெரிசு. எல்லாம் ஒரே ஜாதிச் சீட்டாக வருகிற கலர் அதற்குக் கீழே. இது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். போக்கரில் தலைகீழ். கலர் பெரிசு, சீக்வென்ஸ் சின்னது. “தப்பாச் சொல்ற” என்று அவளோடு மல்லுக்கட்டினேன். வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணு சீட்டு எடுக்கும்போது சீக்வென்ஸ்தான் அபூர்வம். அஞ்சு சீட்டாக ஆனால் கலர்தான் அபூர்வம். எது அபூர்வமோ அது பெரிசு. அவள் சொன்னது சரி. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்பு தீய்ந்தது, அதற்கு ஒரு அறை வாங்கினேன்.

காணும் பொங்கலன்று காலையிலேயே சதுரங்கப்பட்டினத்தில் சவுக்குத் தோப்பு நிழலைப் பிடித்துவிட்டோம். அம்மா புளியோதரையும், வறுத்த வஞ்சிரமும், ரெண்டு முழுக் கரும்பும், அதை வெட்ட ஒரு கத்தியும் கொண்டுவந்திருந்தாள். “கத்தி எதுக்கும்மா?” என்று கேட்டேன். “கரும்ப பல்லாலயா கடிப்பாங்க?” என்றாள். தம்பி கட்டுப்பல் வைத்திருந்தான். இவர் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, “வா மாமா,” “உம், வரேன் மச்சான்” என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. ரெண்டு பேரும் கடலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே என்னவோ சினிமா ஓடுகிற மாதிரி.

போக்கர் என்றதும் இவர் சிரித்தார். “பணக்காரன் ஆட்டமா? சரி, போடு.” காசு கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். தோலோடு இருந்த வேர்க்கடலையைப் பிரித்துக் கொடுத்தோம். ஆட்டத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எது பெரிசு எது சின்னது என்று வரிசைப்படுத்தும்போது கலர் சீக்வென்ஸை அடிக்கும் என்பதை அழுத்தித்தான் சொன்னேன். தம்பி கடலை உரித்துக்கொண்டிருந்தான். இவர் காது குடைந்துகொண்டிருந்தார். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் இதைவிடக் கவனிக்கும்.

தொடங்குவதற்கு முன்னால் இவர் என்னைப் பார்த்தார். “நீதான் நடுவுல. உன் தம்பிக்குன்னு எதனா பண்ணுவ. தாலியப் புடிச்சு சத்தியம் பண்ணு, உள்ளத உள்ளபடி சொல்லுவன்னு.”

எல்லார் முன்னாலும் தாலியை எடுத்துக் கையில் பிடித்துச் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என் மகளைக் கூட்டிக்கொண்டு அலையில் கால் நனைக்கப் போய்விட்டாள்.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. என்னால் நம்ப முடியவில்லை. தம்பி பெண்டாட்டியும் ஒரு கை ஆடினாள், வேண்டுமென்றே தோற்றாள். தம்பி பொய்யாக ஏற்றி இவரைப் பயமுறுத்தி இறக்கிவிட்டபோது இவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அடப்பாவி, கையில ஒண்ணுமே இல்லாமலா?” தம்பி கட்டுப்பல் தெரியச் சிரித்தான். இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் கருங்குழி, அம்மா வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்காரப் போகிறேன் என்று எனக்கு மனசு துள்ளியது.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. நடுவில் முதலில் கிளாவர் அஞ்சு, ஆர்ட்டின் எட்டு, கிளாவர் ஒன்பது போட்டேன். ரெண்டு பேரும் கடலையைத் தள்ளினார்கள். அடுத்தது ஸ்பேட் ஏழு. இவர் கழுத்து நரம்பு துடித்தது. கடைசியாக கிளாவர் ராணி. தம்பி மூச்சை இழுத்துப் பிடித்தான். ரெண்டு பேரும் இருந்த கடலை முழுவதையும் நடுவில் கொட்டினார்கள்.

தம்பி முதலில் காட்டினான். கிளாவர் ராஜாவும் கிளாவர் ரெண்டும். “கலரு மாமா.”

இவர் ஆறையும் பத்தையும் ஓங்கி அடித்தார். “ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது, பத்து. சீக்வென்ஸுடா!”

தம்பி முகம் விழுந்துபோயிற்று. “போச்சு” என்று சீட்டைப் போட்டுவிட்டான். ஜெயித்தவன் அவன். அது அவனுக்கே தெரியவில்லை. காலம் காலமாக மூணு சீட்டு ஆடி ஊறின ரத்தம், நான் சொன்னது எங்கே ஏறும்? தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள், பேசாதே என்று.

நானும் பேசவில்லை. சத்தியமாவது மண்ணாவது. நாலு வேர்க்கடலைக்காக அம்மா வீட்டை இழக்க நான் என்ன பைத்தியமா?

இவர் அதோடு விட்டிருக்கலாம். கடலையை வாரிக்கொண்டே ஆரம்பித்தார். “இன்னா மச்சான், பல்லு போனப்பவே மூளையும் போச்சா? சீக்வென்ஸ் முன்னாடி கலரத் தூக்கினு வர்ற? எப்பவுமே என்கிட்ட ஒதை வாங்கறதே உனுக்குப் பொழப்பாப் போச்சு.”

தம்பி சிதறின சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினான்.

“அன்னிக்கு ரெண்டு. இன்னிக்கு மீதிப் பல்லையும் எடுத்துடட்டா?”

தம்பியின் கை மெதுவாக ஜமுக்காளத்தைத் தாண்டிப் போனது. கரும்பு வெட்டுகிற கத்தியின் பிடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இவரும் அதைப் பார்த்துவிட்டார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, அந்த நீளத் தழும்பு தெரிய, “எடுடா, எடு பாக்கலாம்” என்றார். எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை குறுக்கே கை வராது, கழுத்துதான் என்று தோன்றியது.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “ஜெயிச்சது அவன். இந்த ஆட்டத்துல கலர்தான் பெரிசு. முதல்லயே சொன்னேன். டேய், நீ ஜெயிச்சுட்டடா, கத்திய வுடு!”

தம்பி ஆச்சரியத்தில் கத்தியை விட்டுவிட்டான். நான் நினைத்தது அதுதான். அது நடந்தது. தம்பி பெண்டாட்டி சட்டென்று கத்தியை எடுத்துப் பின்னால் புதருக்குள் வீசினாள்.

“தம்பிக்காக ரூல மாத்தறியா?” என்றார் இவர்.

“மாத்தல. கணக்குப் போட்டே பாத்தேன். நீங்க தோத்துட்டீங்க.”

“போன்ல பாருங்கண்ணா” என்று தம்பி பெண்டாட்டி நீட்டினாள். பார்த்தார். நான் சொன்னதுதான் அங்கேயும் இருந்தது. அது இன்னும் மோசமாகிப் போயிற்று. பொய் சொல்லியிருந்தால்கூட என்னை மன்னித்திருப்பார். எழுந்து நின்று, அத்தனை ஜனம் பார்க்க, பின்னங்கையால் என் வாயில் ஒன்று வைத்தார். உதடு கிழிந்து உப்புக் கரித்தது.

வீட்டுக்குள் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். வெளியில், உண்மையைச் சொன்னதற்காக, தாலியைப் பிடித்துச் சத்தியம் செய்யச் சொன்ன அதே ஆளிடம் வாங்கினது அன்றைக்குத்தான். எனக்குக் கண் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த புளியோதரைத் தூக்குவாளியைப் பிடியோடு தூக்கி ஓங்கி அடித்தேன். அடி விளிம்பு அவர் புருவத்தில் பட்டுச் சதை திறந்துகொண்டது. சோறும் ரத்தமுமாக முகத்தில் வழிந்தது. சொல்ல வெட்கமில்லை, சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தடவை ஓங்கினேன்.

தம்பி எழுந்து வந்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. என் கிழிந்த உதட்டைப் பார்த்துவிட்டான், இனி இவரை நான்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கையைக்கூட இறக்கிவிட்டேன்.

அவன் என் கன்னத்தில் அறைந்தான். காது ‘ஙொய்’ என்றது.

“புருஷன் மேலயே கை வெக்கிறியா? நீயெல்லாம் ஒரு பொம்பளயா? அறிவு இல்ல உனக்கு?”

இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் வாயிலிருந்து சொட்டின ரத்தத்தை என் முந்தானையில் பிடித்தவள் நான். அவனுடைய பெண்டாட்டி, “ஏய், அவங்கள ஏன் அடிக்கிற?” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளையும் ஒரு தள்ளு தள்ளினான். அலையிலிருந்து ஓடிவந்த அம்மா நேராக மருமகனிடம்தான் போனாள். “ஐயோ மாப்ள, கண்ணு தப்பிச்சுதா?” என்று தன் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள்.

“மாமா, வா, தையல் போட்டுனு வந்துரலாம். என் தோள்ல சாஞ்சுக்க” என்றான் தம்பி. தன் துண்டை மடித்து அவர் புருவத்தில் வைத்து அழுத்தினான். மூணு வருஷமாக ஒருத்தன் நிழலை ஒருத்தன் மிதிக்காதவர்கள் ஒரே பைக்கில் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் என் தம்பியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கல்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார். தம்பி பெண்டாட்டி மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, என் வாயைக் கழுவிவிட்டாள்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பிரம்பைக் காட்டிச் சொல்லுகிற பழமொழி ஒன்று உண்டு. எனக்குத் தம்பியே அடியாகவும் வந்து உதவினான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே சமாதானம் ஆகிவிட்டது. சாயந்தரம் இவர் கருங்குழி வீட்டில் மாலை மரியாதையோடு சாப்பிட்டார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் செங்கல்பட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு இரவு அவர் வந்தபோது வாசலில் அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் இதுவரைக்கும் அந்தக் கை என் மேல் பட்டதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் கருங்குழியில் போக்கர். இவர் முதல் ஆளாகக் கிளம்புகிறார். “நீயும் வாயேன், உங்கம்மா கேக்கறாங்க” என்கிறார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. படி திறந்துதான் இருக்கிறது.

போன வாரம் தம்பி போன் செய்தான். மூணு வருஷம் நான் கேட்கத் தவமிருந்த குரல். அவன் பேசட்டும் என்று காத்திருந்தேன். அந்த அறைக்காக அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அன்றைக்கே கிளம்பியிருப்பேன்.

“அக்கா, நீ அன்னிக்கு சொன்னது கரீட்டுதான்க்கா. கலர்தான் பெருசு. மாமாவும் ஒத்துகினாரு” என்றான்.

அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “வேற இன்னா விசேஷம்?” என்றான்.

“ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.